ஏழாம் நிலையத்தில் ஒரு நடை

எங்கள் காருக்குள் மலையைப் பற்றிக் கதைக்கத் தடை இருந்தது. ஒன்ராறியோவில், மில்லிக்கனிலிருந்து மிசிசாகாவுக்குக் காலையில் போகும்போதும் பின்னேரம் திரும்பும்போதும் கார்த்திக்கும் நானும் வேறு எதைப் பற்றியும் கதைக்கலாம். வீட்டு விலை, பிள்ளைகளின் படிப்பு, பிளாசாவில் புதிதாகத் திறந்த கடையின் கொத்துரொட்டி, யாருடைய கல்யாண வீட்டில் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பது, எல்லாம் சரி. மலை மட்டும் கூடாது. இரண்டு தமிழர் நெரிசலில் நிற்கும் ஒரு காருக்குள் இருந்துகொண்டு, இருவருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தைக் கதைக்காமல் விடுவது எத்தனை பெரிய தவம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தடையைப் போட்டவர் எங்கள் மேலதிகாரி. முழுப்பெயர் பரராசசிங்கம், எனக்குப் பரா அண்ணை. மற்றவர்கள் முன்னால் ஆங்கிலத்தில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். கதவு சாத்தியதும் அண்ணை என்பேன். அவரும் சாத்தியதும்தான் யாழ்ப்பாணப் பேச்சுக்குத் திரும்புவார்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம், ஒஃபீஸில் என் கதிரைக்கு வந்திருக்கும் இளம் பிள்ளைகள். போன மாதம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இப்போது எல்லாக் கருவிகளின் தரவையும் ஒரு கணினி நிரலே வாங்கி, சேர்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறத்தைத் தருகிறதாம். "அன்ரி, முந்தி நீங்கள் இதை எப்பிடிச் செய்தனீங்கள்? சும்மா பார்த்தோ?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நாங்கள் குகைக்குள் இருந்து வேலை பார்த்தோம் என்று நினைக்கிறாள் போல. ஓம் பிள்ளை, சும்மா பார்த்துத்தான் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்த கதை நீளமானது, ஆனால் சுவாரசியம் குறைந்தது. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பைச் சண்டை முடித்துவைத்தது. அகதியாக வந்து, பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு நாடா ஒட்டினேன். மாலை வகுப்புக்குப் போய்ப் பழையதைத் தூசி தட்டினேன். ஒரு கோயில் திருவிழாவில் யாரோ அறிமுகப்படுத்த, பரா அண்ணை என்னை வேலைக்கு எடுத்தார். வடக்கு ஒன்ராறியோச் சுரங்கங்களுக்குள் பாறை வெடிப்பதைக் கணினித் திரையில் கோடுகளாகப் பார்த்து, எங்கே ஆட்களை இறக்கலாம், எங்கே கூடாது என்று சொல்வதுதான் அந்தச் சின்ன நிறுவனத்தின் தொழில். பாறை உடையும் கோட்டை வாசிக்கப் பழகினேன். அது பழகிய பிறகுதான் மலை வந்தது.

அது தூர தேசத்து எரிமலை. எந்த நாடு என்று சொல்வதில்லை என்று கையெழுத்து வைத்திருக்கிறேன், அதனால் சொல்லமாட்டேன். அங்கே அவர்களுக்கென்று ஓர் ஆய்வு நிலையம் இருந்தது. ஆட்கள் குறைவு. மலையின் உடம்பு முழுக்கக் கருவிகளை நட்டிருந்தார்கள். தரவு எங்களிடம் வரும், நாங்கள் வாசித்துத் திருப்பி அனுப்புவோம். மலைக்கு ஓர் அழகான பெயர் உண்டு. நாங்கள் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. பாம்பைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத வீட்டில் வளர்ந்தவர்கள்தானே. தஞ்சாவூர்க்காரரான கார்த்திக் முதல் நாளே "பெரியவர்" என்று சொல்லிவிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. என்னுடைய மனுசன் மட்டும் வீட்டில், "நீ என்னைக் கட்டினதுக்குப் பதிலாப் பெரியவரையே கட்டியிருக்கலாம்" என்று பகிடி பண்ணுவார்.

எரிமலையை ஒரு கருவியால் அறிந்துவிட முடியாது. உள்ளே பாறை உடைந்தால் நிலம் அதிரும், அந்தக் கோடு என்னுடையது. உள்ளே பாறைக் குழம்பு ஏறினால் நிலம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வீங்கும், ஒரு பக்கம் சாயும், அது கார்த்திக்குடையது. வாயால் வரும் புகையில் கந்தக வாயு கூடும், குறையும், அது ஒல்காவுடையது. ஒல்கா எங்கள் ஒஃபீஸுக்குப் பக்கத்திலேயே குடியிருந்த, அதிகம் வாய் திறக்காத ஒரு பெண். மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர் பரா அண்ணை.

சேர்ப்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஆரம்பத்தில் நாங்கள் மூவரும் ஒரே அறையில் இருந்தோம். கார்த்திக் "வீங்குதுக்கா" என்று சொன்னால், அன்று முழுக்க என் கோட்டில் சின்ன அதிர்வெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியும். நான் பதறினால் ஒல்காவுக்குப் புகை தடிக்கும். இதைக் கவனித்த அண்ணை மூவரையும் மூன்று அறைகளில் போட்டார். காலையில் தனித்தனியாக அவருடைய அறைக்குள் போக வேண்டும். பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று நிறத்தையும், அதன் காரணத்தையும் வாயால் சொல்லிவிட்டு மற்றக் கதவால் வெளியேற வேண்டும். வேதக்காரர் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது மாதிரி. ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியக் கூடாது. அந்தச் சட்டத்தின் வால்தான் காருக்குள்ளும் நீண்டது.

அவருடைய அறை எப்போதும் குளிராக இருக்கும். வெப்பமாக்கியை நிற்பாட்டிவிட்டு, சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு இருப்பார். திரையைப் பார்க்கமாட்டார், எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

"என்ன பாத்தனீர்?"

"அதிர்வு குறைவு, அண்ணை. பச்சை."

"எப்பிடித் தெரியும்?"

சொல்வேன். மறுபடியும், "அது எப்பிடித் தெரியும்?" அதற்கும் சொல்வேன். மூன்றாம் தரமும் அதையே கேட்பார். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிடும். விரல் மூட்டால் மேசையை ஒருக்கால் தட்டினால், போகலாம் என்று அர்த்தம். ஆபத்தில்லை என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. மூன்று பச்சை கிடைத்த நாளிலும் "இண்டைக்கு எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றுதான் அங்கே எழுதி அனுப்புவார். அதற்கு ஆங்கிலத்தில் மரியாதையான ஒரு வசனம் வைத்திருந்தார்.

பார்க்காத ஒன்றோடு தினமும் இருப்பது மனிசரை ஒரு மாதிரி ஆக்கும். எங்கள் கட்டடத்துக்கு மேலாக விமானங்கள் இறங்கும். யன்னல் கண்ணாடி அதிரும். நான் உடனே திரையைப் பார்ப்பேன், அங்கே ஒன்றும் இருக்காது. வீட்டில் அரிசி களையும்போது சட்டிக்குள் தண்ணீர் நடுங்கினால் கை அப்படியே நின்றுவிடும். மலையின் வாயருகே இருந்த ஏழாம் நிலையத்தின் கோட்டில் எப்போதும் ஒரு முணுமுணுப்பு உண்டு. காற்று, உருளும் கல், உள்ளே கொதிப்பது, எல்லாம் சேர்ந்த ஒரு நடுக்கம். அது இருக்கும் வரை எனக்கு ஒரு நிம்மதி. பக்கத்து அறையில் ஆள் இருக்கிற சத்தம் போல.

அந்தக் கோட்டில் மனிதரும் வருவார்கள். கருவிகளைத் திருத்துவதற்கு அங்கே தொமாஸ் என்று ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், நான் நேரில் பார்க்காத சிநேகிதர். நிலையத்துக்குப் போனால், அதிர்வுமானிக்குப் பக்கத்தில் காலால் ஓங்கி மிதிப்பார், கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க. அந்த மிதி என் திரையில் ஊசி போல எழும்பும். பிறகு ரெலிபோனில் வருவார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவு நொண்டி என்பதால் நன்றாக விளங்கும். அவருக்கு ஒரு கணுக்கால் முன்பு முறிந்து சரியாகப் பொருந்தாமல் விட்டது. அதனால் அவருடைய நடை கோட்டில் ஒரு பெரிய புள்ளி, ஒரு சின்னப் புள்ளி, ஒரு பெரியது, ஒரு சின்னது என்று வரும். "இன்றைக்குப் பாரம் சுமந்து வந்தீர்கள்" என்று நான் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். தன் மனைவிக்குக் கூடத் தன் நடை இவ்வளவு தெரியாது என்பார்.

இனி அந்த நாள்.

கடும் பனிக்காலம். நெடுஞ்சாலையில் ஒரு பாரவண்டி குறுக்கே கிடந்ததால் கார்கள் அசையவில்லை. கார்த்திக் ஓட்டினார். கல்யாண வீட்டுக் கதைகளெல்லாம் முடிந்துவிட்டன. அவர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அக்கா, என் சாய்வுமானி ஒரு வாரமா மக்கர் பண்ணுது."

"தம்பி, மலையைப் பற்றிக் கதைக்கக் கூடாது."

"மலையைப் பத்தி இல்லக்கா, மெஷினைப் பத்தி. அது பேசலாம்ல? ஏழாம் நிலையத்துல கம்பம் சாஞ்சிருச்சுன்னு நினைக்கிறேன். ரிப்பேருக்கு எழுதிப் போட்டுட்டேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஏழோ? என்ரை அதிர்வுமானியும் அங்கைதான் படுத்திட்டுது. கோடு செத்துப்போய்க் கிடக்கு. நானும் திருத்தச் சொல்லி எழுதினனான்."

இருவரும் முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கருவி பழுது என்பதை நாங்கள் அண்ணைக்குச் சொல்வதில்லை. அவருக்கு நிறமும் காரணமும் மட்டும்தான். பழுது என்றால் அங்கே பராமரிப்புப் பகுதிக்கு நேரே எழுதிவிடுவோம், மற்ற நிலையங்களின் கோடுகளைப் பார்த்து நிறத்தைச் சொல்வோம். அந்தக் கிழமை முழுக்க நான் பச்சை சொல்லியிருந்தேன். கார்த்திக்கும் பச்சை. இதைப் பிழை என்று பிறகு சிலர் சொன்னார்கள். நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டேன், சட்டம் அப்படித்தான் இருந்தது. ஆனால் என் கருவிக்கும் அவருடையதுக்கும் பற்றரி வேறு, கம்பி வேறு, இருக்கும் குழி வேறு. இரண்டும் ஒரே கிழமையில் எப்படிச் சாகும்?

ஒஃபீஸுக்குள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஒல்காவிடம் போனோம். ஏழாம் நிலையத்துக் கருவி எப்படி என்று கேட்டேன். கண்ணாடியில் சாம்பல் படிந்துவிட்டது, வாயுவே காட்டுவதில்லை, துடைத்துவிடும்படி எழுதிவிட்டேன் என்றாள்.

மூவரும் ஒன்றாக அண்ணையின் அறைக்குள் போனோம். அப்படி ஒன்றாகப் போனது அதுதான் முதல் தரம். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் சொல்லி முடித்தேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்:

"பழுதெண்டு எப்பிடித் தெரியும்?"

"கோட்டில ஒண்டுமில்லை, அண்ணை."

"ஒண்டுமில்லையெண்டால் கருவி செத்திருக்கலாம். அல்லாட்டி அங்கை உண்மையாவே ஒண்டும் இல்லாமல் இருக்கலாம். எது எண்டு எப்பிடித் தெரியும்?" அவரே தொடர்ந்தார்: "உலகத்தில வேறை எங்கையாவது இண்டைக்குப் பெரிய நடுக்கம் வந்ததோ எண்டு பாரும்."

அது எளிய சோதனை. சமுத்திரத்தின் மறுகரையில் பெரிய நிலநடுக்கம் வந்தால், அதன் நீண்ட அலை பூமியைச் சுற்றிப் போகும்போது எல்லா மலைக்கும் கீழாகப் போகும். யாருக்கும் காலில் தெரியாது, கருவிக்குத் தெரியும். உயிருள்ள கருவி என்றால் அதைப் பதிந்திருக்க வேண்டும். தேடினேன். நாங்கள் நெடுஞ்சாலையில் நின்ற நேரத்தில் அப்படி ஓர் அலை போயிருந்தது. மற்ற நிலையங்களின் கோடுகளில் அது பெரிய வளைவாக ஏறி இறங்கியிருந்தது. ஏழாம் நிலையத்தைத் திறந்தேன். அதே வளைவு, அதே உயரத்தில், சுத்தமாக இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒன்றுமே இல்லை.

கருவிக்கு ஒரு பழுதும் இல்லை. வருடக்கணக்காக முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒன்று வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. நான் அதைப் பழுது என்று எழுதிவிட்டு நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறேன்.

மற்ற இருவரும் தங்கள் கருவிகளைச் சோதித்தார்கள். கார்த்திக்கின் சாய்வுமானி பகலில் வெயில் ஏற ஒரு பக்கமும், இரவில் மறுபக்கமும் வழக்கம்போல் மெல்ல அசைந்துகொண்டுதான் இருந்தது. கம்பம் விழுந்திருந்தால் அப்படி அசையாது. மலையின் வாயிலிருந்து வெளிப்பக்கமாக அது சாய்ந்திருந்தது. ஒல்காவின் கண்ணாடியில் சூரிய ஒளி முழுதாக விழுந்துகொண்டிருந்தது. சாம்பல் இல்லை. அண்ணை மூன்றையும் ஒரே நேரக்கோட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போடச் சொன்னார். என் முணுமுணுப்பு அடங்கிய அதே பின்னேரம் வாயு அடங்கியிருந்தது. அதே பின்னேரம் நிலம் சாயத் தொடங்கியிருந்தது.

"வாய் அடைச்சுப்போச்சு," என்றார் அண்ணை. "உள்ளுக்கை இருந்து தள்ளுது." மேசையைத் தட்டவில்லை. ரெலிபோனை எடுத்தார்.

அங்கேயும் பகல்தான். எடுத்தவர் சந்தோஷமாகக் கதைத்தார். ஏழாம் நிலையத்தைப் பற்றி மூன்று முறைப்பாடுகள் வந்ததால், உடனே திருத்துவதற்கு தொமாஸும் இனெஸும் விடியவே போய்விட்டார்கள் என்றார். இனெஸ் தொமாஸோடு வேலை செய்யும் பெண். அவர்களை வானொலியில் கூப்பிட முடியுமா என்று அண்ணை கேட்டார். மேட்டைத் தாண்டினால் வானொலி எடுபடாது, திரும்பி மலைப்பாதையின் வளைவுக்கு வந்தால்தான் கிடைப்பார்கள் என்றார் அவர். அவருடைய குரலில் இருந்த சந்தோஷம் வடிந்துபோனது. எங்கள் மூவரின் முறைப்பாடும்தான் அந்த இருவரையும் மலையின் வாய்க்கு அனுப்பியிருந்தது.

நான் என் அறைக்கு ஓடினேன். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். ஏழாம் நிலையத்தின் கோடு வெள்ளைத் தாளில் அடிமட்டம் வைத்துக் கீறியது போல் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு புள்ளி விழுந்தது.

பெரியது. பிறகு சின்னது. பெரியது, சின்னது.

"தொமாஸ்," என்றேன். "வந்திட்டார்."

புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகின, கிட்ட வருகிற மாதிரி. இத்தனை நிசப்தத்துக்குள் அந்த நடை மட்டும் தனியாகத் தெரிந்தது. அவர் கருவிக்குப் பக்கத்தில் வந்து ஓங்கி மிதிக்கப்போகிறார், நான் இங்கிருந்து அதைப் பார்க்கப்போகிறேன், அவருக்கு என்னால் ஒரு சொல் சொல்ல முடியாது. ஒல்கா தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தாள். செபமாக இருக்க வேண்டும்.

இங்கிருந்து அந்த நிலையத்துக்கு நாங்கள் சொல்லக்கூடிய கட்டளைகள் மிகச் சில. அளவைச் சரிபார், மறுபடி தொடங்கு, எல்லாக் கருவிகளோடும் அணைந்துவிடு. கடைசிக் கட்டளையை யாரும் பாவிப்பதில்லை. ஓடுகிற கருவியை அணைப்பது அண்ணையிடம் கொலைக்குச் சமம். ஆனால் தொமாஸ் கையில் எப்போதும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். நிலையத்துக்கு மின்சாரம் இருக்கும் வரை அதில் பச்சை விளக்கு எரியும். அது அணைந்தால் மேலே ஒன்றையும் திறக்கக் கூடாது. வளைவில் இருக்கும் கொட்டகைக்கு இறங்கிப்போய்ப் புதுப் பற்றரி எடுத்து வர வேண்டும். பாரமானது என்பதால் அதை முதலிலேயே சுமந்துகொண்டு போவதில்லை. வளைவில் வானொலி எடுபடும்.

"அண்ணை, நிலையத்தை நிப்பாட்டினால் அவர் இறங்குவார்."

அவர் என்னைப் பார்த்தார். "நிப்பாட்டினால் எங்களுக்கும் கண் தெரியாது. அவர் இறங்கினாரோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது."

அந்த ஒரு தரம்தான் அவர் மூன்றாம் கேள்வி கேட்கவில்லை. "நிப்பாட்டும்" என்றார்.

அழுத்தினேன். பெரிய புள்ளி ஒன்று விழுந்து, சின்னது விழுவதற்கு முன் கோடு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. மலையடிவாரத்து நிலையங்களின் கோடுகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணை சால்வையைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். மேலே விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஒவ்வொன்றுக்கும் நான் திடுக்கிட்டேன். தொமாஸின் முகம் எனக்குத் தெரியாது. அதனால் யாரை நினைத்து வேண்டுவது என்று விளங்காமல் அந்த நடையையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் அடிவாரத்துக் கோடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தடித்துக் கறுத்தன. கார்த்திக் தரையில் இருந்துவிட்டார். பெரியவர் வாய் திறந்துவிட்டார். ஏழாம் நிலையம் இருந்த இடம் போய்விட்டது என்று பிறகு படங்களில் பார்த்தோம்.

ரெலிபோன் அடித்தது. ஆய்வு நிலையத்தார் வானொலியை அதில் இணைத்துவிட்டிருந்தார்கள். இரைச்சலுக்குள் ஒரு குரல், "வசந்தி! உங்கள் பற்றரி நாசமாய்ப் போக!" என்றது.

நான் வாய்விட்டு அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். தொமாஸும் இனெஸும் வளைவில் பத்திரமாக இருந்தார்கள். அழுகைக்கு நடுவில், மேலிருந்து எப்படி அவ்வளவு கெதியாக இறங்கினீர்கள் என்று கேட்டேன்.

"மேலிருந்தா?" என்றார். "நாங்கள் மேலே போகவே இல்லை. வண்டி சேற்றில் புதைந்து, மேட்டுக்குப் பின்னால் அதைத் தள்ளிக்கொண்டு நின்றோம். கையில் விளக்கு அணைந்தது. பற்றரி எடுக்கத் திரும்பினோம்."

"நான் உங்கள் நடையைப் பார்த்தேன்."

"நான் நடக்கவில்லை, வசந்தி."

"வேறு யாராவது?"

"அங்கே யாரும் இல்லை."

ரெலிபோனை வைத்த பிறகு நாங்கள் நால்வரும் அந்தத் துண்டை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தோம். அண்ணை ஒரு பெரிய புள்ளியை இன்னொரு பெரிய புள்ளியின் மேல் வைத்தார். உயரம்தான் வேறு, வடிவம் அச்சு அசலாகப் பொருந்தியது. சின்னவையும் அப்படியே பொருந்தின. மனிதர் நடந்தால் கால் ஒவ்வொரு அடிக்கும் இடம் மாறும், கோடும் மாறும். இதில் பெரியதெல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தன, சின்னதெல்லாம் இன்னொரே இடத்திலிருந்து வந்தன. அடைத்த வாய்க்குக் கீழே பாறை ஒரு இடத்தில் சிக்கி வழுக்குகிறது, பக்கத்தில் இன்னொரு இடத்தில் சிக்கி வழுக்குகிறது. மாறி மாறி. அப்படி நடக்கக்கூடிய விஷயம்தான், பிற எரிமலைகளிலும் சீராகத் தட்டுகிற அதிர்வுகள் வந்திருக்கின்றன.

"மலை நடந்திருக்கு," என்றேன்.

"நடக்கேல்லை. எங்களுக்கு நடந்தமாதிரித் தெரிஞ்சது," என்றார் அண்ணை.

கார்த்திக் தரையில் இருந்தபடியே கேட்டார், "அதெல்லாம் சரி அண்ணே. ஆனா தொமாஸோட கால் பெரியவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அண்ணை சால்வையைச் சரியாகப் போட்டுக்கொண்டு, எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். திரும்பும் வழியில் காருக்குள் தடை ஏதும் இல்லாமலேயே நாங்கள் மலையைப் பற்றிக் கதைக்கவில்லை.

மறுநாள் சட்டம் மாறியது. நிறத்தைத் தனித்தனியாகச் சொல்லலாம், பழுதை மட்டும் எல்லார் முன்னாலும் உரத்துச் சொல்ல வேண்டும். அதோடு இன்னொரு வழக்கமும் வந்தது, அதை யாரும் போடவில்லை, தானாக வந்தது. எந்த நிலையத்துக் கோட்டிலாவது நொண்டி நடை தெரிந்தால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அங்கே கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்போம்: தொமாஸ் எங்கே? மேலேதான் நிற்கிறார் என்று சொன்னால் எல்லாருக்கும் மூச்சு வரும். ஒரு தரம், மனைவியோடு சந்தைக்குப் போய்விட்டார் என்றார்கள். எல்லாரையும் மலையிலிருந்து இறக்கச் சொன்னோம். அன்று ஒன்றும் நடக்கவில்லை. இறக்கியதற்காக யாரும் எங்களைத் திட்டவும் இல்லை. தொமாஸுக்கு இதில் ஒரே பெருமை. தான் ஒரு கருவியாகிவிட்டதாகச் சொல்லித் திரிந்தாராம்.

பரா அண்ணை ஓய்வுபெற்றுப் போனார். தொமாஸ் நான் வேலையை விடுவதற்கு முதல் வருடம் காலமானார். மலையில் அல்ல, தன் வீட்டில், நித்திரையில். செய்தி வந்த அன்று நான் ஒஃபீஸ் கழிப்பறைக்குள் போயிருந்து அழுதேன். முகம் தெரியாத ஒருவருக்கு இவ்வளவு அழலாம் என்று எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு நாள் முற்பகல், வாயருகே புதிதாக வைத்த நிலையத்தின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியது. சின்னது. பெரியது, சின்னது. எனக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். கனகாலம் காணாத ஆள் படலையைத் திறந்துகொண்டு வருகிற சந்தோஷம். வந்திட்டார் என்று வாய் சொல்லியும் விட்டது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்து அவர் நடப்பதைப் பார்த்தேன். அதன் பிறகுதான் கை ரெலிபோனுக்குப் போனது. கேட்பதற்குக் கேள்வி இல்லை. மேலே யார் என்று மட்டும் கேட்டேன். இனெஸ் என்றார்கள்.

இறக்கினார்கள். புது வானொலி மேட்டுக்கு அப்பாலும் எடுபடும், அதனால் இனெஸ் ஓடி இறங்கினாள். பின்னேரம் பெரியவர் வாய் திறந்தார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அடிவாரத்திலிருந்து இனெஸ் என்னைக் கூப்பிட்டாள். இருமிக்கொண்டே இருந்தாள், சாம்பல். பிறகு மெல்லக் கேட்டாள், இன்றைக்கும் அவர்தானா என்று.

ஓம் என்றேன். அவளைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, எனக்கு அப்படித்தான் பட்டது. அப்படிப் படுகிற ஒருத்தி அந்தக் கதிரையில் இருக்கக் கூடாது. அடுத்த கிழமை ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.